சுவரே வில்லன்: நகரத்துப் படங்கள் அதிகாரத்தைக் காட்டுவது எப்படி?

தேர்தல் நெருங்கினாலே போதும், ‘இந்தச் சுவர் எங்களுக்கு’ என்று கட்சிகள் முன்கூட்டியே எழுதிவைத்துவிடும். சாமல்பட்டி முதல் சென்னை வரை இதுதான் வழக்கம். நாம் கவனிக்காமல் கடந்துபோகும் இந்தக் காட்சியை வைத்தே பா.இரஞ்சித் எடுத்த படம் ‘மெட்ராஸ்’ (2014).

சுவர் என்ன செய்கிறது?

வடசென்னை வியாசர்பாடியில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பு. அங்குள்ள பெரிய சுவரில் ஒரு கட்சிக்காரரின் படம். அதைக் கைப்பற்ற இரண்டு கோஷ்டிகள் மோதுகின்றன. செத்துப்போவது என்னவோ அந்த ஏரியா பசங்கதான். ஜி.முரளியின் கேமராவில் சுவர் திரையை நிறைக்கிறது, மனிதர்கள் சிறுத்துப்போகிறார்கள். வசனமே இல்லாமல் அதிகாரம் யார் பக்கம் என்பது புரிந்துவிடுகிறது.

வறுமை எப்படித் தெரிகிறது?

அழுகையாக அல்ல. நாயகன் காளி ஐடி ஊழியர். சுற்றிலும் கால்பந்து, கானா, காதல். அந்த மனிதர்களைப் பார்த்து நாம் பரிதாபப்படுவதில்லை, பழகிவிடுகிறோம். அதனாலேயே ஒரு சாவு விழும்போது சொந்த வீட்டு இழப்புபோல வலிக்கிறது.

நிறம் பேசுமா?

பேசும். ‘காலா’வில் (2018) தாராவி நிலத்தைப் பறிக்க வருபவருக்கு வெள்ளை உடை, காப்பவருக்குக் கறுப்பு. ‘வெள்ளைன்னா நல்லவன்’ என்ற பழைய சினிமா கணக்கு தலைகீழாகிறது.

அடுத்த படத்தில் யார் யாரை அடிக்கிறார் என்பதோடு நிறுத்தாமல், அந்த இடம் யார் கையில் இருக்கிறது என்பதையும் பாருங்கள்.