சிறு பந்தயமும் பெரு மாளிகையும்

சூதாட்டத்தைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் திருக்குறளின் 94 ஆம் அதிகாரத்திலே தொடங்குவது மரபு. அவ்வதிகாரத்திலே சூதாடுமிடத்தைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட சொல் 'கழகம்' என்பதையும், அதே சொல் இன்று பல்கலைக்கழகத்தின் பெயரில் வந்து அமர்ந்திருப்பதையும் எண்ணும்போது சிறிது நகைப்பும் எழுகின்றது. எனினும் சூது அறமா, அன்றா என்னும் வினா இக்கட்டுரைக்குரியதன்று. கற்றோர் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் ஒரு சமாதானத்தைக் கணக்கு வைத்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

அச்சமாதானத்தை விரிவுரையாளரான நண்பர் ஒருவர் வாயிலாகக் கேட்க நேர்ந்தது. மாநாடொன்றின் பொருட்டு லாஸ் வேகாஸ் நகருக்குச் சென்று மீண்டவர் அவர். "நான் சூதாடவில்லை, போக்கர் விளையாடினேன்" என்றார். சுழல் சக்கரத்திலும் இயந்திரத்திலும் காசைப் போடுவோர் பேதைகள் என்றும், போக்கர் அறிவுக்குரிய ஆட்டம் என்றும், அங்கே நிலையம் நமக்கு எதிராளியே அன்று, நம்மைப் போன்றோரே எதிராளிகள் என்றும் விளக்கினார். அதிலும் தாம் அமர்ந்தது மிகக் குறைந்த பந்தய மேசையில். இருநூறு டொலருக்கு மேல் போவதற்கில்லை. அதற்கீடாக ஓர் அரண்மனையில் ஓரிரவு கழிந்ததே, போதாதா என்றார்.

அரண்மனை என்பதை மறுப்பதற்கில்லை. அந்நகரின் பெலாஜியோ ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். 1998 இல் திறக்கப்பட்ட இதற்கு இத்தாலியின் கோமோ ஏரிக்கரை ஊரொன்றின் பெயர். முகப்பிலே செயற்கை ஏரியும் நடமிடும் நீரூற்றுக்களும். வரவேற்பு மண்டபத்தின் கூரையிலே சிஹூலி என்னும் கண்ணாடிக் கலைஞர் சமைத்த ஏறத்தாழ 2,000 கண்ணாடி மலர்கள். இத்தகைய மாளிகைகளில் சீட்டாட்ட அரங்கை அடைவதற்குப் பெரும்பாலும் இயந்திரங்களின் வரிசைகளைக் கடந்தே செல்ல வேண்டும். நெவாடா மாநிலத்துச் சூதாட்ட வருவாயின் பெரும்பகுதி அவ்வியந்திரங்களிலிருந்தே வருகின்றது. போக்கர் மேசைகளால் வரும் ஆதாயம் அதனோடு ஒப்பிடச் சிறிது. அதனாலன்றோ அந்நகரின் பல மாளிகைகள் தம் போக்கர் அரங்குகளை மூடிவிட்டன!

இனி ஆட்டத்துக்கு வருவோம். பெருவழக்கான வகை டெக்சஸ் ஹோல்டெம். ஒவ்வொருவர்க்கும் மறைவாக இரு சீட்டுக்கள், பொதுவில் ஐந்து. ஒன்று-மூன்று மேசை என்றால், ஒவ்வோர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் ஒருவர் ஒரு டொலரும் அடுத்தவர் மூன்று டொலரும் கட்டாயமாக வைக்க வேண்டும் என்பது பொருள். மேசையைச் சுற்றி ஒன்பது பேர். பத்தாமவர் சீட்டுப் பகிர்பவர். அவர் ஆடுவதில்லை, ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் நடுவிலே குவியும் தொகையிலிருந்து நிலையத்தின் பங்கை எடுத்து மேசையிலுள்ள துவாரத்தினுள் போடுகின்றார். இதனை 'ரேக்' என்பர். பெருவழக்கு நூற்றுக்குப் பத்து. உச்ச வரம்பு நான்கு அல்லது ஐந்து டொலர்.

இந்த உச்ச வரம்புதான் நோக்கற்பாலது. மேலோட்டமாகப் பார்ப்பவனுக்கு அது நிலையத்தின் தாராளம் போலத் தோன்றும். சிறு மேசையில் ஐம்பது டொலர் குவிந்தால் ஐந்து டொலர் போகின்றது. பத்தில் ஒரு பங்கு. ஆயிரம் டொலர் குவியும் மேசையிலும் ஐந்து டொலரே போகின்றது. இருநூற்றில் ஒரு பங்கு. மிகப் பெரும் பந்தய மேசைகளிலோ இப்பங்கே இல்லை. அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று இருக்கைக் கட்டணம் மட்டும் அறவிடப்படும். வறியவனுக்கு அதிக வீதமும் செல்வனுக்குக் குறைந்த வீதமுமாக அமையும் வரியைப் பொருளியல் மாணவர் முதலாண்டிலேயே கண்டிக்கக் கற்கின்றனர். இங்கே அதே வரி, விரும்பி வந்து வரிசையில் நின்று செலுத்தப்படுகின்றது. குறைந்த பந்தயம் என்று பெயர் சூட்டப்பட்ட மேசையே அவ்வரங்கில் விலை கூடிய மேசை.

எளிய கணக்கொன்று போடுவோம். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ முப்பது ஆட்டங்கள் நடைபெறும். சராசரி நான்கு டொலர் நிலையத்துக்குப் போகின்றது என்றும், வென்றவர் ஒரு டொலரைச் சீட்டுப் பகிர்பவருக்கு அளிக்கின்றார் என்றும் கொள்வோம். ஆட்டத்துக்கு ஐந்தாக, மணித்தியாலத்துக்கு நூற்றைம்பது டொலர் மேசையை விட்டு வெளியேறுகின்றது. ஒன்பது பேரும் இருநூறு டொலரோடு அமர்ந்தவர்கள். மேசையிலுள்ள மொத்தப் பணம் ஆயிரத்தெண்ணூறு. எவரும் புதிதாகப் பணம் கொண்டுவராமல் ஆடுவதாயின் பன்னிரண்டு மணித்தியாலத்தில் அம்மேசையிலே ஒரு வில்லையும் எஞ்சாது. ஒன்பது பேரும் தோற்றிருப்பர். எவரும் எவரையும் வென்றிரார். பரிசு நிதி என்ற பெயரால் பல இடங்களில் பிடிக்கப்படும் மேலதிக டொலரை நான் இக்கணக்கிலே சேர்க்கவில்லை. அது என்றோ ஒரு நாள் யாரோ ஒருவருக்குத் திரும்பி வருவதாதலின்.

நண்பரின் வாதத்தில் மிக வலியது ஆற்றல் பற்றியது. அதனை எளிதில் தள்ளிவிட முடியாது. 2012 இல் நியூயோர்க்கில் நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன், போக்கரில் வாய்ப்பினும் ஆற்றலே மேலோங்கி நிற்கின்றது எனத் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு மேன்முறையீட்டில் அத்தீர்ப்பு கவிழ்ந்தது. ஆயின் அது சட்டத்தின் பொருள்கோள் பற்றியதே தவிர, ஆற்றல் பற்றிய முடிபைப் பொய்யென்று எவரும் நிறுவவில்லை. ஆகவே ஆற்றல் உண்டு. ஏற்றுக்கொள்வோம். ஆனால் ஆற்றல் பணத்தைப் படைப்பதில்லை. ஒரு பையிலிருந்து மற்றொரு பைக்கு அதனை மாற்றுகின்றது, அவ்வளவே. மேலே கண்ட கணக்கின்படி ஒவ்வொருவரும் மணித்தியாலத்துக்குப் பதினாறு பதினேழு டொலர் இழந்துகொண்டிருக்கும் இடத்தில், ஒருவர் ஆதாயத்தோடு எழ வேண்டுமாயின் அவ்விழப்பை முதலில் ஈடுசெய்து, அதற்கு மேலும் பிறரிடமிருந்து பறிக்க வேண்டும். அத்தகையோர் சிலர் இருக்கின்றனர். அவர்கள் அதனைத் தொழிலாகச் செய்பவர்கள். நாள்தோறும் வந்து, பொறுமையோடு, பெரும்பாலான சீட்டுக்களைத் தொடாமலே எறிந்துவிட்டுக் காத்திருப்பவர்கள். மாநாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடி மாலையில் வந்தமரும் பேராசிரியருக்காகவே காத்திருக்கின்றனர் என்றால் அது மிகையாகாது. அறிவுக்குரிய ஆட்டம் என்பது உண்மையாயின், அன்று அறிவிலே குறைந்தவர் யார் என்ற வினாவும் உடன் எழுமல்லவா?

'நிலையம் எதிராளி அன்று' என்பதும் அரை உண்மையே. பாரதத்துச் சகுனியாவது கவற்றைத் தன் கையால் உருட்டினான். தோற்கும் இடரை, பெயரளவிலேனும், ஏற்றான். இங்கே நிலையத்துக்கு அந்த இடரும் இல்லை. யார் வென்றாலும் அதன் பங்கு துவாரத்தினுள் விழுகின்றது. சீட்டுப் பகிர்பவரின் சம்பளத்திலும் பெரும்பகுதி ஆடுவோர் தலையிலேயே சுமத்தப்பட்டுள்ளது. நம்மூரில் 'சந்தோஷம்' என்று சொல்லிக் கொடுக்கும் அந்த ஒரு டொலரே அங்கு ஒரு தொழிலாளியின் வாழ்க்கைச் செலவு. ஆகவே அதனைக் கொடாதே என்று கூற என்னால் இயலாது. அதனை நிலையமே கொடுக்க வேண்டும் என்றுதான் கூறுவேன்.

பிறகு ஏன் இச்சிறு மேசைகள் நிரம்புகின்றன? 2003 இல் டென்னசி மாநிலத்துக் கணக்காளர் ஒருவர், நூறு டொலருக்கும் குறைந்த கட்டணத்தில் இணையவழித் தகுதிப் போட்டியொன்றினூடாக நுழைந்து, உலகத் தொடரின் முதன்மைப் போட்டியில் 839 பேரை உள்ளடக்கிய களத்தை வென்று 25 இலட்சம் டொலர் பெற்றார். அவர் பெயர் கிறிஸ் மணிமேக்கர். புனைகதையாசிரியன் கூட வைக்கக் கூசும் பெயர். 2006 இல் அதே போட்டியில் 8,773 பேர் அமர்ந்தனர். சாதாரண மனிதனும் வெல்லலாம் என்பதற்கு ஓர் உதாரணம் கிடைத்துவிட்டால், தோற்ற ஆயிரக்கணக்கானோர் உதாரணமாவதில்லை. வெற்றியைத் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்ட குறளாசிரியரை நான் அழைக்காமலே அவர் வந்து நிற்கின்றார்.

சீட்டாட்டத்தை நான் வெறுப்பவன் என்று கொள்ள வேண்டாம். பல்கலைக்கழக விடுதியில் விடிய விடிய 304 ஆடி மறுநாட் காலை விரிவுரையைத் தவறவிட்டவர்களுள் நானும் ஒருவன். துணைவனின் கையிலுள்ள துரும்பைக் கணிப்பதிலே இருந்த அறிவின் கூர்மை எந்த மாளிகை மேசைக்கும் குறைந்ததன்று. அதற்கு ஒருவரும் பங்கு கேட்டதில்லை. போக்கரும் அவ்வாறு ஆடக்கூடியதே. அமெரிக்காவிலேயே எண்ணற்றோர் வீட்டுச் சமையலறை மேசையில் நண்பரோடு சில்லறைக் காசு வைத்து அதனை ஆடுகின்றனர். அதே சீட்டுக்கள், அதே விதிகள், அதே பொய்த் துணிவு. இழந்த காசும் நண்பன் பையிலேயே இருக்கும்.

இதனை நண்பரிடம் கூறினேன். சிறிது நேரம் கணக்கைச் சரிபார்த்தார்; பிழை காணவில்லை. "ஆனால் சமையலறையில் அந்தக் கண்ணாடி மலர்கள் இல்லையே" என்றார். அவற்றை ஹோட்டல் மண்டபத்தில் நின்று காசின்றியே பார்க்கலாம் என்றேன்.