மெஜஸ்டிக் நின்றது, போக் மாளிகை போனது ஏன்?

கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தில் இறங்கியவர்களுக்கு, சாலைக்கு எதிரே நிற்கும் வெள்ளைக் கட்டடம் பழக்கமானதுதான். 1932இல் திறக்கப்பட்ட மெஜஸ்டிக் ஹோட்டல் அது.

ரயில் நிலையம் 1910இல் ஹப்பாக் வரைந்தது. குவிமாடங்களும் வளைவுகளும் நிறைந்தது. மெஜஸ்டிக் அந்த ஆடம்பரத்தோடு போட்டி போடவில்லை. நேர்க்கோடுகள், தூண்கள், அடக்கமான ஆர்ட் டெக்கோ வேலைப்பாடு. வரைந்தவர்கள் கீஸ் - டௌட்ஸ்வெல் நிறுவனத்தார். சிங்கப்பூரின் ஃபுல்லர்ட்டன் கட்டடமும் அவர்களுடையதே. அஞ்சலகமாக இருந்த ஃபுல்லர்ட்டன் பிற்காலத்தில் ஹோட்டலானது. ஹோட்டலான மெஜஸ்டிக்கோ ஓவியக்கூடமானது!

அது நடந்த விதம்தான் கவனிக்க வேண்டியது. 1980களின் தொடக்கத்தில் மெஜஸ்டிக்கை இடித்துவிடும் பேச்சு எழுந்தது. அரசாங்கம் தலையிட்டு, 1976ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்தின் கீழ் அதற்குப் பாதுகாப்புக் கொடுத்தது. 1984 முதல் 1998 வரை தேசிய ஓவியக்கூடம் அங்கே இயங்கியது. 2012இல் பக்கத்தில் 15 மாடிக் கோபுரத்துடன் மீண்டும் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. அந்தக் கோபுரம் பழைய கட்டடத்தைச் சற்றுச் சிறிதாக்கிக் காட்டுவது உண்மை. ஆனாலும் பழையது நிற்கிறது.

ஜாலான் அம்பாங்கில் இருந்த போக் மாளிகைக்கு அந்த யோகமில்லை. 1929இல் கட்டப்பட்ட அது, அழகில் மெஜஸ்டிக்கிற்குச் சளைத்ததல்ல. தேசியப் பாரம்பரியச் சட்டம் நடப்புக்கு வந்த அதே 2006இல், டிசம்பரில் இடிக்கப்பட்டது. சட்டம் இருந்தது, மாளிகையின் பெயர் அரசிதழில் இல்லை.

இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். தோட்டப்புறங்களில் நம்மவர்கள் எழுப்பிய கோயில்களும் பழைய தமிழ்ப்பள்ளிக் கட்டடங்களும் லயத்து வீடுகளும் பெரும்பாலும் பிறர் பெயரில் உள்ள நிலத்தில் நிற்பவை. தோட்டம் கைமாறிய பிறகு, மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும்போதுதான் நாம் ஓடுகிறோம். அப்போது கையில் ஒரு பழைய படம்கூட இருப்பதில்லை.

அதே 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒன்றைத் தேசியப் பாரம்பரியமாகப் பட்டியலிடும்படி அமைச்சருக்கு யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். அதற்கென்று படிவம் இருக்கிறது. ஓரிடத்தைப் பாரம்பரியத் தலமாக அறிவிப்பது இன்னும் கடினம்: நில உரிமையாளர் ஆட்சேபம் சொல்லலாம், மாநில அரசையும் கலந்தாக வேண்டும். கோயில் நிர்வாகமும் பள்ளி மேலாளர் வாரியமும் கட்டிய ஆண்டு, பழைய படங்கள், நிலப் பத்திர நகல் ஆகியவற்றை இப்போதே ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்கலாம்.