அழுகின்ற பூமி உருண்டை

சுற்றுச்சூழல் தினம் வந்துவிட்டால் நம் பள்ளிச் சுவர்களிலெல்லாம் ஒரே பூமி உருண்டை அழுகின்றது. இரு பச்சைக் கைகள் அதனைத் தாங்கி நிற்க, கீழே ‘மரம் நடுவோம்’ என்றொரு வரி. கணினியிலிருந்து எடுத்து அச்சிட்ட படம்! அதற்குப் பரிசும் வழங்குகின்றோம். எந்த மரம்? எவ்வூர் ஆறு? அப்படம் விடை கூறாது. ஆதலால் எவரையும் சுடவும் செய்யாது.

இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியின் சுவரொட்டிப் போட்டிக்கு நடுவராகச் சென்றிருந்தேன். மாணவனொருவன் தன் வீட்டின் பின்னால் ஓடும் வாய்க்காலைக் கரிக்கோலால் வரைந்திருந்தான். நீர்மேல் எண்ணெய்ப் படலம். கரையில் கவிழ்ந்து கிடக்கும் பிளாஸ்டிக் நாற்காலி. ‘தூய்மையாக இல்லை’ என்று மதிப்பெண்ணைக் குறைத்தோம். வாய்க்கால் தூய்மையாக இல்லை என்பதைத்தானே அவன் சொல்லியிருந்தான்!

சபா மாநிலத்து ரானாவில் 2010ஆம் ஆண்டு தோன்றிய ‘பாங்ரோக் சூலாப்’ கலைக்குழுவை ஆசிரியப் பெருமக்களுள் எத்தனை பேர் அறிவர்? ‘பங்க் ராக்’ இசையின் பெயரோடு, உழவர் இளைப்பாறும் குடிலைக் குறிக்கும் ‘சூலாப்’ என்னும் சொல்லைச் சேர்த்துத் தமக்குப் பெயரிட்டுக்கொண்டவர்கள் அவர்கள். பலகையை உளியால் செதுக்கி, மை தடவி, துணியை விரித்து, அதன்மேல் ஏறி ஆடி மிதித்தே அச்செடுப்பர். காடும் நிலமும் அவற்றை நம்பி வாழும் மக்களுமே அவர்தம் கருப்பொருள். ‘வாங்காதே, நீயே செய்’ என்பது முழக்கம். 2017இல் கோலாலம்பூரில் வைக்கப்பட்ட ‘சபா தானா ஆயிர்கு’ என்னும் அவர்களின் பெரும்படைப்பு, முறையீடு ஒன்றினால் கண்காட்சியிலிருந்து அகற்றப்பட்டது. அழுகின்ற பூமியை அகற்றுமாறு யாரேனும் முறையிட்டதுண்டா?

கணினி இருக்க உளி எதற்கு, நேரம் மிச்சமாகுமே என்பர் சிலர். மிச்சமான நேரத்தில் மாணவன் எதைப் பார்த்தான்? செதுக்குபவனோ பார்த்தே ஆக வேண்டும். இருவாட்சியின் அலகுமேல் உள்ள புடைப்பு எங்கே தொடங்குகின்றது என்றறியாமல் உளியை வைக்க இயலாது; தவறி வெட்டிய பள்ளத்தை நிரப்பவும் இயலாது. தமிழாசிரியர்க்கு இதில் தனி ஆதாயமும் உண்டு. அச்சில் எழுத்து நேராக விழ, பலகையில் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ‘வேர்’ என்று வெட்டப் புகுந்தால் இரட்டைக்கொம்பு வகரத்துக்கு வலப்பக்கம் போய் நிற்கும். பத்து முறை பார்த்தெழுதுதலைவிட அந்த ஒரு தடுமாற்றம் நன்று.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் கொட்டப்பட்ட வேதிக்கழிவால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை நாடினர். வகுப்பறைக்குள்ளேயே பிள்ளைகளுக்கு மூச்சு முட்டியது. அதன் பின்னும் நான் கண்ட போட்டிகள் எவற்றிலும் கிம் கிம் ஆறு இல்லை. பூமி உருண்டைதான் இருந்தது.

அடுத்த போட்டியில் அச்சிட்ட படங்களை வாங்க மறுப்போம். அச்சுப்பொறி இல்லையே என்பார்க்கு ஒரு சொல்: லினோலியத் துண்டின்மேல் தாளை வைத்துத் தேய்க்கக் கரண்டியின் முதுகு போதும். செதுக்கு முன் மாணவர் தத்தம் வாய்க்காலைப் போய்ப் பார்க்கட்டும். மதிப்பெண் இடும் நடுவரும் உடன் செல்லட்டும்.