ஹீலில் என்னப்பா இருக்கு?

(காலணித் தொழில்நுட்பப் பிரிவு, இறுதியாண்டு மாணவன்)

மெக்கானிக்கல்காரன் கியர் வரைந்தால் அது இன்ஜினியரிங். சிவில்காரன் பீம் வரைந்தால் அதுவும் இன்ஜினியரிங். நாங்கள் ஒரு ஷூவின் ஹீலை வரைந்தால் மட்டும் "டேய், செருப்பு தைக்கப் போறான்டா" என்று ஹாஸ்டல் வராந்தாவில் ஒரே சிரிப்பு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சிரித்து முடித்ததும் எனக்கு ஒரு பதில் சொல்லுங்கள். லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்தக் கௌபாய் பூட்ஸின் ஹீல் ஏன் அத்தனை உயரம்? பின்பக்கம் நேராக இறங்காமல் ஏன் உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது?

"ஸ்டைலுக்குத்தான்" என்பீர்கள். ஸ்டைல் பிறகு வந்தது. முதலில் வந்தது உயிர்ப் பயம் என்பதே என் கட்சி.

1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் மாடுகள் ஏராளம், வாங்க ஆள் இல்லை. வடக்கே நகரங்களில் மாட்டிறைச்சிக்கு நல்ல விலை. நடுவில் ரயில் கிடையாது. கான்சாஸ் மாநிலத்து ஆபிலீன் என்ற ஊருக்கு ரயில் வந்துவிட்டதால், 1867 முதல் டெக்சாஸிலிருந்து அதுவரை மந்தை மந்தையாக மாடுகளை ஓட்டிப் போனார்கள். சிஸம் பாதை என்று அந்த வழிக்குப் பெயர். வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் குதிரை மேலேயே பிழைப்பு. அப்படி ஓட்டியவர்கள் யார்? சினிமாவில் காட்டுகிற மாதிரி எல்லோரும் வெள்ளைக்கார ஹீரோக்கள் அல்ல. அடிமைத் தளையிலிருந்து விடுபட்ட கறுப்பர்கள் இருந்தார்கள், மெக்சிகோக்காரர்கள் இருந்தார்கள். குதிரையேற்றம், சுருக்குக் கயிறு வீச்சு எல்லாவற்றையும் மற்றவர்களுக்குக் கற்றுக் கொடுத்ததே மெக்சிகோவின் மாட்டுக்காரர்கள்தான். சுருக்கமாகச் சொன்னால் கௌபாய் என்பவன் மாதச் சம்பளத்துக்கு மாடு மேய்த்த கூலிக்காரன்.

குதிரைச் சேணத்தில் கால் வைக்க ஒரு வளையம் தொங்கும். அங்கவடி என்று தமிழில் பெயர். குதிரை மிரண்டு ஆளைக் கீழே தள்ளும்போது, பாதம் முழுதும் அந்த வளையத்துக்குள் நுழைந்து மாட்டிக்கொண்டால் தீர்ந்தது கதை. தலை தரையில் மோத மோத, குதிரை நிற்கும்வரை இழுத்துக்கொண்டு ஓடும். இதற்குத்தான் உயரமான ஹீல். அதன் முன்பக்கச் சுவர் வளையத்தில் போய் முட்டி நிற்கும், பாதம் அதற்கு மேல் உள்ளே போகாது. அடித்தோல் வழவழப்பாக இருப்பதும், லேஸ் இல்லாமல் இருப்பதும் இதே காரணத்துக்குத்தான். கால் சட்டென்று வெளியே வர வேண்டும். அப்படியே மாட்டிக்கொண்டாலும் பூட்ஸ் அங்கே தங்கிவிட்டு ஆள் தப்ப வேண்டும். இதைவிட நல்ல 'சேஃப்டி டிசைன்' எந்த சப்ஜெக்டில் படித்தோம், சொல்லுங்கள்!

சாய்வுக்கும் காரணம் உண்டு. ஹீலின் பின்பக்கம் உள்ளே சாய்வதால் அடிப்பாகம் சிறுத்து முன்னால் வருகிறது. கயிற்றில் சிக்கிய மாட்டைத் தரையில் நின்று இழுத்துப் பிடிக்கும்போது அந்தச் சின்ன அடிப்பாகம் மண்ணில் கடப்பாரை மாதிரி இறங்கிப் பிடிக்கும். ஹீலின் மேல் விளிம்பில், பின்னால் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும் படி போன்ற இடம் குதிரையைத் தட்டும் குதிமுள் கீழே இறங்காமல் உட்காருவதற்கு.

(ஹீல் என்பதே குதிரையேறும் ஆண்களிடமிருந்து வந்ததுதான். பாரசீகக் குதிரை வீரர்கள் போட்டார்கள், 17-ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்து ஐரோப்பியப் பிரபுக்கள் போட்டார்கள், பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர் சிவப்பு ஹீலே போட்டார். ஹை ஹீல்ஸ் என்றதும் பெண்களைக் கிண்டல் செய்யும் நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும்.)

இப்போது வகைகளுக்கு வருவோம். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். ஆனால் அடிப்படையில் மூன்றைப் புரிந்துகொண்டால் போதும். மேலே சொன்ன சாய்ந்த ஹீல் 'கௌபாய் ஹீல்', சுமாராக 1.5 அங்குலமும் அதற்கு மேலும். 2 அங்குலத்தைத் தாண்டுவதும் உண்டு. அதைவிடக் குட்டையாக, சாய்வு குறைவாக இருப்பது 'வாக்கிங் ஹீல்'. குதிரையிலும் ஏற வேண்டும், இறங்கி நடக்கவும் வேண்டும் என்பவர்களுக்கு.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: 'ரோப்பர்'. ஏறக்குறைய 1 அங்குலம் அல்லது அதற்கும் கீழே. பின்பக்கம் கிட்டத்தட்ட நேர், அடிப்பாகம் அகலம். அமெரிக்காவின் ரோடியோ போட்டிகளில் கன்றுக்குக் கயிறு வீசும் ஆட்டம் ஒன்று உண்டு. ஓடும் குதிரையிலிருந்து கன்றின் கழுத்தில் சுருக்கு விழ வேண்டும். உடனே ஆள் குதித்து இறங்கி, ஓடி, கன்றைக் கீழே சாய்த்து, மூன்று கால்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டு 6 விநாடி அவிழாமல் நிற்க வேண்டும். நொடிகளில் வெற்றி தோல்வி. சாய்ந்த ஹீலோடு ஓடிப் பாருங்கள், கணுக்கால் பிசகும்! ஓட வேண்டிய வேலைக்கு ஹீல் தாழ்ந்தது, அகன்றது. ஆனாலும் சுத்தமாகத் தட்டையாகிவிடவில்லை பாருங்கள். அங்கவடியில் முட்டி நிற்க ஒரு சுவர் இன்னமும் வேண்டுமே!

கணக்கு கேட்கும் நண்பர்களுக்கு: பேச்சுக்கு, சாய்ந்த ஹீலின் அடி 25 சதுர செ.மீ., ரோப்பரின் அடி 45 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ ஆள் ஒரு குதிகாலில் நின்றால் முதலாவதில் சதுர செ.மீ.க்கு 2.4 கிலோ, இரண்டாவதில் 1.33. மண்ணில் ஊன்றி நிற்க முதலாவது நல்லது. நாள் முழுதும் சிமெண்ட் தரையில் நிற்க இரண்டாவது நல்லது. எது 'ஒரிஜினல்', எது 'கெத்து' என்ற சண்டைக்கே இங்கு இடமில்லை.

உயரம் பிடிக்கவில்லை என்று பிறகு ஹீலை வெட்டிக் குறைக்கலாமா? கூடாது. ஷூவை இழுத்துத் தைக்கும் அச்சு, அதாவது லாஸ்ட், ஒரு குறிப்பிட்ட ஹீல் உயரத்துக்கென்றே செதுக்கப்பட்டது. பாதத்தின் வளைவுக்கடியில் உள்ள எஃகுப் பட்டையும் அதே வளைவில் இருக்கும். 1.5 அங்குல ஹீலை எடுத்துவிட்டு 1 அங்குலம் வைத்தால் முன்மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், வளைவில் பாரம் தப்பாக விழும். நல்ல பூட்ஸில் ஹீல் தோல் அடுக்கு அடுக்காக ஒட்டி ஆணி அடித்தது. கடைசியில் ஒரு ரப்பர் துண்டு. தேய்ந்தால் அந்த ரப்பரை மட்டும் மாற்ற வேண்டும். அதை விட்டுவிட்டால் தோல் அடுக்கும் தேய்ந்து, ஆள் நடையே கோணும்.

என் நண்பன் ஒருவன் வாதாடினான்: "இன்னைக்கு அங்கே எவன்டா குதிரையில போறான்? பாதிப் பேர் காரில் போறான்!" உண்மைதான். அதனால்தான் சொல்கிறேன், காரில் போகிறவனுக்கு ரோப்பர் போதும். குதிரையேறுகிறவன் ஹீலே இல்லாத கேன்வாஸ் ஷூவில் ஏறக் கூடாது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துக் கௌபாய்க்கும் ஜம்பம் உண்டு. உயர்ந்த ஹீல் "நான் நடந்து பிழைக்கிறவன் இல்லை, குதிரைக்காரன்" என்று ஊருக்குச் சொன்னது. கால் மேல் இருப்பதைப் பார்த்து ஆளை எடைபோடுவது எல்லா ஊரிலும் இருக்கிறது போலும். என் தாத்தா ஒரு தெருவைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வந்தவன் படிப்பது காலணி. எனக்கு இதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

என் ஆதங்கம் வேறு. என் அம்மா ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறார். ஒருநாள் என் டிராயிங்கைப் பார்த்து, "இந்தக் கட்டைய ஏன்டா சாய்ச்சு வச்சிருக்கான்? விழுந்துட மாட்டானா?" என்று கேட்டார். குதிரை, வளையம், மாடு எல்லாம் சொன்னேன். "அப்போ அவனும் நம்மள மாதிரி வேலைக்காரன்தான்" என்றார். இத்தனை வருட சர்வீஸில் தான் தைப்பதை யார் போடுகிறார், எதற்குப் போடுகிறார் என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. இத்தனை ஜோடி முடிக்க வேண்டும் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள். அம்மா கேட்ட அந்தக் கேள்விதான் டிசைனின் முதல் கேள்வி. நம் டிராயிங் ஷீட்டில் உயரம் எழுதுகிறோம், மெட்டீரியல் எழுதுகிறோம். போடுகிறவன் என்ன வேலை செய்கிறான் என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. அந்தக் கட்டத்தைச் சேர்க்க வேண்டும், அதற்கு மார்க்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

அடுத்த கல்லூரிக் கண்காட்சிக்கு மூன்று வகை ஹீலையும் குறுக்கே வெட்டி, உள்ளே இருக்கும் அடுக்கு, ஆணி, எஃகுப் பட்டை எல்லாம் தெரிய வைக்க எங்கள் பிரிவில் பேசி வருகிறோம். மெக்கானிக்கல் நண்பர்கள் ஒரு பழைய சேண வளையம் வெல்டிங் செய்து தந்தால் காலை விட்டே காட்டிவிடலாம். வரும்போது உங்கள் தேய்ந்த ஷூவையும் கொண்டு வாருங்கள். ஹீலின் எந்த மூலை தேய்ந்திருக்கிறது என்று பார்த்து, நீங்கள் எப்படி நடக்கிறீர்கள் என்று சொல்கிறோம். காசு கிடையாது!