மேலதிகாரி போடும் மார்க்கு!

மார்ச்சு மாதம் பிள்ளைகளுக்கு மட்டும் பரீட்சைக் காலம் அல்ல. வேலைக்குப் போகும் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பரீட்சைக் காலம்தான்!

நார்த்தாமலையில் இருந்து புதுக்கோட்டைக்கும் திருச்சிக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். வருடம் முழுவதும் எப்படி வேலை பார்த்தார் என்று மேலதிகாரி குறிப்பு எழுதுவார். பதவி உயர்வு அதைப் பொறுத்தது.

மூன்று விதம்

"வேலையில் இன்னும் வேகம் வேண்டும்" என்று மேலதிகாரி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

ரோஷக்காரர், "என்னிடமா குறை?" என்று கொதிக்கிறார்.

பயந்த சுபாவம் உள்ளவர் வாய் திறப்பது இல்லை. வீட்டுக்கு வந்தால் சோறு இறங்குவது இல்லை. "நான் எதற்கும் லாயக்கு இல்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

நிதானமானவர், "எந்த வேலையில் தாமதம்?" என்று கேட்கிறார்.

சொல் ஒன்றுதான். மனம்தான் மூன்று!

ஆராய்ச்சி

அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியில் நடந்த ஆராய்ச்சி ஒன்று 1965-ல் வெளிவந்தது. குறைகளை அடுக்கியபோது ஊழியர்கள் எதிர்வாதம் செய்தார்கள். அதிகக் குறை கேட்டவர்கள் பிறகு குறைவாகவே முன்னேறினார்கள்.

குளுகர், டெனிசி என்ற 2 அறிஞர்கள் பழைய ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து 1996-ல் முடிவு சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தடவைகளில், கருத்துச் சொன்ன பிறகு வேலை கெட்டுத்தான் போயிருந்தது! பேச்சு வேலையை விட்டுவிட்டு ஆளைத் தொடும்போது பலன் குறைகிறது என்று கண்டார்கள்.

என்ஜினீயர் வழக்கு

நம் நாட்டில் சர்க்கார் ஊழியர் பற்றிய குறிப்பு முன்பு ரகசியம். மோசமாக எழுதினால் மட்டும் சொல்வார்கள்.

எல்லைச் சாலைத் துறை என்ஜினீயர் தேவ்தத்துக்கு 1993-94-ல் "நன்று" என்று எழுதினார்கள். பதவி உயர்வுக்கு "மிக நன்று" வேண்டும். குறிப்பை அவருக்குச் சொல்லவில்லை. உயர்வு கிடைக்கவில்லை. "நன்று" என்ற சொல்லே அவரைக் கெடுத்தது!

அவர் வழக்குத் தொடர்ந்தார். எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும், ஆட்சேபம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. முழுக் குறிப்பையும் காட்டும்படி 2009-ல் மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. ஆட்சேபம் எழுத 15 நாள் அவகாசம்.

ரோஷக்காரருக்கு அந்த 15 நாளும் நல்ல மருந்து. கோபம் ஆறிய பிறகு எழுதலாம். பயந்தவருக்கு அது துணிவு தரும். வாயால் சொல்ல முடியாததை எழுத்தில் சொல்லலாம்.

வீட்டாருக்கும் பங்கு உண்டு. சோர்ந்து வருகிறவரைக் குடைய வேண்டாம். "என்ன சொன்னார்கள்? அதில் எது உண்மை?" என்று ஆறுதலாகக் கேட்டால் போதும்.

கல்லில் எழுதிய குறை

நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரம் இருக்கிறது. மழையால் இடிந்த அந்தக் கோயிலை மல்லன் விதுமன் என்பவர் புதுப்பித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. இடிந்ததை மறைக்கவில்லை. இடிந்தது என்று கைவிடவும் இல்லை.

மனிதர் குறையும் அப்படித்தான். சொல்லவும் வேண்டும், சரிசெய்யவும் வேண்டும்.