காட்சியும் கேண்மையும்

கரிசல் நிலம் சூழ்ந்த சிவகாசி மழை குறைந்த ஊர். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு ஆகிய மூன்றும் அங்கே பெருந்தொழில்களாக விளங்குகின்றன. நாட்டின் பல பகுதிகளில் வீட்டுச் சுவர்களை அணிசெய்யும் நாட்காட்டிகள் அவ்வூரிலிருந்து செல்கின்றன. அவற்றில் பனி மூடிய மலைகளைக் காணலாம். நீல நிற ஏரிகளைக் காணலாம். பாரிசு நகரத்துக் கோபுரத்தையும் காணலாம். கடல் கடவாதவரும் தம் வீட்டுச் சுவரிலேயே உலகின் அழகை ஆண்டு முழுவதும் கண்டு மகிழ்கின்றனர்.

காட்சியின் உருவம் இவ்வாறு வீடு தேடி வருமாயின், மனிதர் பெரும்பொருள் செலவிட்டு அயல்நாடு செல்வது எதற்காக? படத்தில் அடங்காத ஒன்று அங்கே இருத்தல் வேண்டும். மலையின் குளிரும் ஏரியின் காற்றும் படத்தில் அடங்கா என்பது உண்மையே. ஆயினும் அவற்றினும் மேலாகப் படத்தில் அடங்காதது மனித உறவு.

இக்காலத்தில் கொழும்பிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இலண்டனிலும் டொராண்டோவிலும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. ஆகவே, அயல்நாடு செல்லும் ஒருவர்க்கு அங்கே பழைய நண்பர் ஒருவர் இருப்பது வியப்பன்று. அவர் ஒரே பலகையில் அமர்ந்து படித்தவராக இருக்கலாம்; ஒரே தெருவில் விளையாடியவராக இருக்கலாம். பயணமோ பத்து நாள். காண வேண்டிய இடங்களோ பல. இந்நிலையில் முதலிடம் பெறத் தக்கது காட்சியா, கேண்மையா?

காட்சியே என்பார் கூறும் காரணங்கள் புறக்கணிக்கத் தக்கன அல்ல. அரிதின் சேர்த்த பொருளைக் கொண்டு வாழ்நாளில் ஒருமுறை செல்லும் பயணத்தில், ஒவ்வொரு நாளும் விலைமதிப்புடையது. நண்பரோடு தொலைபேசியில் உரையாடலாம். மாளிகையும் மலையும் தொலைபேசியில் பேசா. மேலும், நண்பர்க்கும் அலுவல் உண்டு. அவர் இல்லம் சென்று அவர்க்குச் சுமையாவது தகுமா என்றும் அவர்கள் வினவுவர்.

இவற்றில் உண்மை உண்டு. ஆனால், காட்சியையும் கேண்மையையும் ஒன்றற்கொன்று பகையாக எண்ணுவதே பிழை. இதனைக் காந்தியடிகளின் 1931ஆம் ஆண்டுப் பயணம் நன்கு விளக்கும்.

வட்டமேசை மாநாட்டின் பொருட்டு இலண்டன் சென்ற அடிகள், நகரின் கிழக்குப் பகுதியில் ஏழைத் தொழிலாளர் நடுவே இருந்த கிங்சிலி மன்றத்தில் தங்கினார். அதனை நடத்திய முரியல் லெஸ்டர் அம்மையார் 1926இல் அடிகளின் ஆசிரமத்திற்கு வந்து தங்கியவர். அடிகள் விடியற்காலையில் அப்பகுதித் தெருக்களில் நடந்தார். எளிய மக்களின் இல்லங்களுக்குச் சென்றார். இந்தியர் அயல்நாட்டுத் துணியை விலக்கியதால் வேலை இழந்து வருந்திய லங்காஷயர் ஆலைத் தொழிலாளரையும் நேரில் கண்டார். அவர்கள் அவரை அன்புடன் வரவேற்றனர். நவம்பர் மாதத்தில் சைவ உணவினர் சங்கக் கூட்டமொன்றில் அவர் பேசியபோது, எண்பது வயது முதியவரான ஹென்றி சால்ட் அருகில் இருந்தார். நாற்பது ஆண்டுகட்கும் முன்னர், இலண்டனில் சட்டம் பயின்ற இளைஞராகிய காந்தியடிகளைப் புலால் உண்ணாமையை மனமுவந்து ஏற்கச் செய்தது சால்ட் எழுதிய நூலேயாகும்.

திரும்பும் வழியில், டிசம்பர் மாதத்தில், சுவிட்சர்லாந்தின் ஏரிக்கரை ஊராகிய வில்நவ் என்னுமிடத்தில் அறிஞர் ரோமெய்ன் ரோலண்டுடன் சில நாள் தங்கினார். ரோலண்டு 1924இல் அடிகளைப் பற்றி நூல் எழுதியவர். கடிதத்தால் வளர்ந்த நட்பு அங்கே நேரில் கனிந்தது. ரோலண்டு தம் விருந்தினர்க்குப் பீத்தோவனின் இசையைப் பியானோவில் வாசித்துக் காட்டினார். அதன்பின் ரோமாபுரி சென்ற அடிகள் வாட்டிகன் கலைச்செல்வங்களைக் கண்டார். சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவத்தின் முன் நெஞ்சுருகி நின்றார். அவர் காட்சியை வெறுத்தவர் அல்லர். நாட்காட்டியில் காணும் ஏரியும் மலையும் வில்நவிலும் உண்டு. ஆனால், அவரை அவ்வூருக்கு அழைத்தது நண்பரின் அன்பு. காட்சி அதனைத் தொடர்ந்து வந்தது.

நண்பரின் துணையோடு காணும்போது ஊர் தன் உள்ளத்தையும் காட்டும். சிவகாசிக்கு வரும் அயலார் ஒருவர் அங்குள்ள சிவன் கோயிலைக் காண்பார். தீப்பெட்டி ஆலைகளையும் அச்சகங்களையும் காண்பார். ஊரைக் கண்டுவிட்டதாக எண்ணித் திரும்புவார். ஆனால், பட்டாசு ஆலைக்குச் சென்ற மகன் நலமுடன் திரும்பும்வரை வாயிலையே நோக்கியிருக்கும் தாயின் கவலையை, நண்பர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தவரே அறிவார். ஒருவர் கொளுத்தி மகிழும் மத்தாப்பின் பின்னே எத்தனை பேரின் உழைப்பும் அச்சமும் உள்ளன என்பது அவர்க்கே விளங்கும். உலகின் எந்நகர்க்கும் இது பொருந்தும்.

சிவகாசியின் வாழ்வே இத்தகைய ஒரு பயணத்தால் மலர்ந்தது. 1922இல் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இளைஞர் இருவர் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தா சென்றனர். அது கடல் கடந்த நாடு அன்றெனினும், மொழியும் உணவும் வேறுபட்ட தொலைநகர். வெண்பளிங்கால் எழுந்த விக்டோரியா நினைவு மண்டபம் அங்கே 1921இன் இறுதியில்தான் திறக்கப்பட்டிருந்தது. ஆயினும், அவர்கள் ஊருக்குக் கொண்டுவந்த செல்வம், அந்நகரில் சில மாதங்கள் தங்கிக் கற்ற தொழிலேயாகும். அடுத்த ஆண்டில் அத்தொழில் சிவகாசியில் வேரூன்றியது. அங்கிருந்தவரோடு பழகிப் பணியாற்றாமல், வீதிகளையும் மாளிகைகளையும் மட்டும் கண்டு திரும்பியிருப்பின், அவ்வூர் எய்திய பயன் யாது?

நண்பர் இல்லம் செல்வோர்க்கும் சில கடமைகள் உண்டு. வருகையை முன்னரே தெரிவித்தல் வேண்டும். நண்பரின் அலுவலையும் இல்லத்தாரின் ஓய்வையும் மதித்தல் வேண்டும். பல நாள் தங்கிச் சுமையாவதினும், ஒரு மாலைப்பொழுதை மனம் விட்டுப் பேசிக் கழிப்பது மேலானது. விடுதிச் செலவைக் குறைக்கும் பொருட்டு மட்டும் நட்பை நினைப்பவர், நண்பரைத் தேடிச் சென்றவர் அல்லர். சத்திரத்தைத் தேடிச் சென்றவரே ஆவர்.

அடுத்த பயணத்தில் காணலாம் என்று எளிதில் ஒத்திவைக்கப்படுவது நண்பரைக் காணும் கடமையே. மாளிகை நூறாண்டு காத்திருக்கும், மனிதர் காத்திரார். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த காலத்தில், பாண்டி நாட்டுப் பிசிராந்தையார் வழியின் தொலைவை எண்ணாமல் அவனை நாடிச் சோழ நாடு சென்றார். அதனாலன்றோ அவர்தம் நட்பு இன்றளவும் போற்றப்படுகின்றது!

சிவகாசி நாட்காட்டியில் மேலே உள்ள படம் ஆண்டு முழுவதும் மாறாமல் நிற்கின்றது. கீழே உள்ள தாள்களோ நாள்தோறும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. அயல்நாடு செல்லும் வாய்ப்பைப் பெறும் இளைஞர் காட்சிகளை நன்கு காண்க. ஆனால், நாட்கள் குறையும் முன் நண்பரின் வாயிலை முதலில் தட்டுக.