பஞ்சு மிட்டாய்க்காரன் மட்டும்தானா குற்றவாளி?

2024-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் புதுச்சேரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டார்கள். அதன் ரோஜா நிறம் 'ரோடமைன்-பி' என்ற சாயப் பொடியால் வந்தது என்று பரிசோதனையில் தெரிந்தது. அதே மாதம் 17-ந் தேதி தமிழ்நாட்டிலும் தடை வந்தது. மார்ச்சில் கர்நாடகம் பின்தொடர்ந்தது.

ரோடமைன் என்றால் சாயத்தோடு மாரடித்த தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. துணிக்கும் காகிதத்துக்கும் தோலுக்கும் ஏற்றுகிற சரக்கு அது. கையில் பட்டால் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. அதைத்தான் நம் குழந்தைகள் நாக்கில் வைத்துக் கரைத்தார்கள்! உள்ளே போனால் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், புற்றுநோய் அபாயமும் உண்டு என்று எச்சரிக்கிறார்கள்.

அதற்காகச் சாயம் எல்லாமே விஷம் என்று கூச்சல் போடுவதும் சரியல்ல. உணவில் சேர்க்க 8 செயற்கை நிறங்களுக்குச் சட்டம் அனுமதி தருகிறது. டார்ட்ரஸின் மஞ்சள், கார்மாய்சின் சிவப்பு முதலியவை அதில் சேரும். இனிப்பு, ஐஸ்கிரீம், பிஸ்கட் போன்ற சில பண்டங்களில் மட்டும், கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் சேர்க்கலாம். பருப்பு, மஞ்சள் தூள், டீத்தூள் இவற்றில் ஒரு துளிகூடக் கூடாது. ரோடமைனோ எந்தப் பண்டத்திலும் எந்த அளவிலும் கூடாது.

லாஸ்பேட்டையில் எங்கள் தெருவுக்கு ஒரு வடநாட்டுப் பையன் மணி அடித்துக்கொண்டு வருவான். கழி நிறையப் பொட்டலம் கட்டியிருப்பான். தடை வந்த பிறகு அவனைக் காணோம். தடை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. குழந்தைகளின் உயிர் விஷயம். ஆனால் அந்தப் பொடி அவனுக்கு வானத்திலிருந்தா விழுந்தது? யாரோ ஒரு வியாபாரி டப்பாவில் அடைத்து விற்றான். கேட்டால், "நான் ஊதுபத்திக்குக் கொடுத்தேன், காகிதத்துக்குக் கொடுத்தேன்" என்று கையைத் துடைத்துக்கொள்வான். கழியோடு திரிந்தவன் அகப்பட்டான். கல்லாவில் உட்கார்ந்தவன் பெயர்கூட வெளியில் வரவில்லை.

சர்க்காரிடம் நாம் கேட்க வேண்டியது இரண்டுதான். சாயப் பொடியைச் சில்லறையில் விற்பவன் யாருக்கு, எதற்கு, எவ்வளவு விற்றான் என்று கணக்கு எழுத வேண்டும். அந்தக் கணக்கை இன்ஸ்பெக்டர்கள் போய்ப் பார்க்க வேண்டும். அனுமதி பெற்ற நிறத்தைச் சிறு பொட்டலமாக, இந்த ஏழை வியாபாரிகளுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கொடுக்க வேண்டும். விஷம் மலிவாகவும் நல்லது கிராக்கியாகவும் இருக்கிற வரையில், இன்று மிட்டாயில் பிடித்தால் நாளை வேறொரு பண்டத்தில் வரும்.

அதுவரை நம் வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மில் வாசலிலும் வரப்பிலும் நாம் அதிகம் குடிப்பது டீ. வடிதாளில் கொஞ்சம் டீத்தூளைப் பரப்பி, தாள் நனையத் தண்ணீர் தெளியுங்கள். பிறகு தூளைத் தட்டிவிட்டுத் தாளைக் குழாயடியில் காட்டுங்கள். நல்ல தூள் கறை வைக்காது. சாயம் ஏற்றிய தூளானால் தாளே காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் தாளையும் பொட்டலத்தையும் எறிந்துவிடாமல் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு நாலு பேராகச் சேர்ந்து எடுத்துப் போங்கள்.